முற்றுப்பெறாத மோட்டார் சைக்கிள்

சில பொருள்கள் வாங்கிய அன்றோடு செலவு முடிந்துவிடும் இயல்பின. குடை, மேசை, மணிக்கூடு என்பன அத்தகையன. வேறு சிலவோ வாங்கிய அன்றுதான் செலவைத் தொடக்கிவைப்பன. வீடு அவற்றுள் ஒன்று என்பதைக் குடும்பஸ்தர் யாவரும் அறிவர். ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வகையில் வீட்டையும் விஞ்சி நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள். நெடுஞ்சாலையில் நிமிர்ந்தமர்ந்து, கால்களை முன்னே நீட்டி, அவசரமின்றிச் செல்வதற்கென்றே அமைந்த 'குறூசர்' என்னும் பெருவண்டி அது. அவ்வண்டிகளின் திருவிழா நடைபெறும் ஊரையும், அவற்றுள் தலைசிறந்த ஹார்லி-டேவிட்சன் பிறந்த நகரையும் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆங்கே கண்டவற்றையும், அவை எழுப்பிய சிந்தனைகளையும் வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

கருங்குன்றுகளின் அடிவாரத்தில்

தென் டக்கோட்டா மாநிலத்தின் மேற்குப் புறத்தில் ஊசியிலை மரங்கள் செறிந்த மலைத்தொடர் ஒன்றுண்டு. தூரத்திலிருந்து நோக்குவார்க்கு அது கருமையாகத் தோன்றுதலின் 'கருங்குன்றுகள்' எனப் பெயர் பெற்றது. அதன் அடிவாரத்தில் ஸ்ரேர்ஜிஸ் என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஊரவர் தொகை ஏறத்தாழ 7,000. ஆனால், ஆகஸ்ட் மாதத்தில் பத்து நாட்களுக்கு அங்கே பல இலட்சம் பேர் கூடுகின்றனர். 75ஆவது விழா நடந்த 2015 இல் வந்தோர் தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டியது. 1938 இல் உள்ளூர்ச் சங்கமொன்று நடத்திய சிறிய ஓட்டப்பந்தயமே இதன் தொடக்கம். அன்று போட்டியிட்டவர் ஒன்பதின்மர்!

பிரதான வீதியின் இரு மருங்கிலும், நடுவிலும் வரிசை வரிசையாக வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு முனையில் நின்று நோக்கினால் வெயிலில் மின்னும் குரோமியப் பூச்சு கண்ணைக் கூசச் செய்யும். எனினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது எண்ணிக்கையன்று. அத்தனை வண்டிகளுள் ஒன்றேனும் இன்னொன்றைப் போல இல்லை. ஒன்றிலே கைபிடி உரிமையாளரின் தோளுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. மற்றொன்றின் பெற்றோல் தாங்கியில் கழுகும் தீச்சுவாலையும் தீட்டப்பட்டுள்ளன. ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் வெளிவந்த வண்டிகள் இவை. இவ்வாறு வேறுபட்டதற்குக் காரணம், ஒவ்வொருவரும் வாங்கிய பின்னரும் ஓயாது செய்துவரும் செலவேயாகும்.

சந்நியாசியின் பூனை

இச்செலவு எங்ஙனம் வளர்கின்றது என்பதை அறிவதற்கு நம் பாட்டிமார் சொல்லும் சந்நியாசியின் கதை உதவும். கோவணத்தை எலி கடித்தது என்று சந்நியாசி ஒரு பூனையை வளர்த்தான். பூனைக்குப் பாலுக்காகப் பசு வந்தது. பசுவைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஈற்றிலே சந்நியாசி சம்சாரியானான்.

மோட்டார் சைக்கிளின் கதையும் இதுவே. வாங்கியவர் பெரும்பாலும் முதலில் மாற்றுவது புகைக்குழாயை. ஆங்கில 'வீ' எழுத்தைப் போல 45 பாகைக் கோணத்தில் அமைந்த இரண்டு சிலிண்டர்களின் சமனற்ற துடிப்பே இவ்வண்டியின் குரல். அந்தக் குரலைத் தனது வியாபாரக் குறியாகப் பதிவுசெய்ய 1994 இல் கம்பனியே விண்ணப்பித்துப் பார்த்து, 2000 இல் அம்முயற்சியைக் கைவிட்டது. குரல் இன்னும் கம்பீரமாக ஒலிக்கவேண்டும் என்று புதிய குழாயைப் பூட்டுகிறார் உரிமையாளர். புகை தாராளமாக வெளியேறினால் காற்று தாராளமாக உட்புக வேண்டும். ஆகவே காற்று வடிகட்டியும் மாறுகின்றது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெற்றோலின் அளவும் மிகவேண்டும். அன்றேல் இயந்திரம் அளவுமீறிச் சூடேறும். எனவே எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியின் கணக்கையும் திருத்த வேண்டியதாகிறது. இம்மூன்றும் சேர்ந்ததே 'முதலாம் படி' எனப்படும். அடுத்த படிகளில் வால்வுகளை இயக்கும் காம் தண்டும், பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் வருகின்றன. வலு கூடியதும் பழைய கிளச் தாங்குவதில்லை. வேகம் கூடியதும் பழைய பிரேக் போதுவதில்லை.

அழகுக்காகச் செய்யும் மாற்றமும் இவ்விதியிலிருந்து தப்புவதில்லை. கைபிடியை ஓரடி உயர்த்தினால், அதனோடிணைந்த கம்பிகளும், பிரேக் எண்ணெய்க் குழாயும், மின்வயர்களும் எட்டாமற் போகின்றன. அத்தனையையும் நீளமானவையாக மாற்றவேண்டும். கைபிடியின் விலையைவிட ஏனையவற்றின் விலையும் கூலியும் மிகுந்துவிடுகின்றன. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் நம் பழமொழி அங்கே கண்முன் நடக்கின்றது.

கணக்கை நிறுத்திய மனிதர்

வீதியோரத்தில் தமது வண்டியைத் துணியாலே துடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. மினசோட்டா மாநிலத்தவர், ஒட்டுவேலை செய்து ஓய்வு பெற்றவர். "இதற்கு இதுவரை எவ்வளவு செலவாயிற்று, ஐயா?" என்று வினவினேன்.

"வாங்கிய விலை 20,000 டொலருக்குச் சற்று மேல். பின்னர் செலவிட்டதை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அது வாங்கிய விலையை எட்டிய அன்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்," என்றார் அவர்.

"விற்றால் அப்பணம் திரும்புமா?"

"நான் ஆசைப்பட்டுப் பூட்டியவற்றுக்கு வேறொருவன் ஏன் பணம் தருவான்?"

அருகே நின்ற அவருடைய மனைவியார் புன்னகையோடு, "எங்கள் வீட்டுக் குசினியைத் திருத்தவேண்டுமென்று நான் கேட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. வண்டி முடியட்டும் என்கிறார். வண்டி முடிவதில்லை," என்றார். புன்னகை இருந்தது, ஆயினும் அச்சொல் விளையாட்டாகச் சொல்லப்பட்டதன்று என்பதை உணர்ந்தேன். முதியவரும் உணர்ந்தார் போலும். சிறிது நேரம் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னர், இனி மாற்றவே விரும்பாத பாகம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அவர் குனிந்து, வண்டியைச் சாய்த்து நிறுத்தும் காலைச் சுட்டிக்காட்டினார். பளபளப்பில்லாத கறுத்த இரும்பு அது. காலமாகிவிட்ட தொழில்நண்பர் ஒருவர் பழைய இரும்புத் துண்டில் செய்துகொடுத்ததாம். "இதற்கு மட்டும் ஒரு சதமும் செலவில்லை. இதை மட்டும் மாற்றவும் மாட்டேன்," என்றார். அவ்வார்த்தையின் பொருளை மில்வோக்கிக்குச் சென்றபோதே முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

பிறந்த நகரம்

ஸ்ரேர்ஜிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 900 மைல் பிரயாணம். மிசூரி, மிசிசிப்பி என்னும் இரு பேராறுகளைக் கடந்து, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மில்வோக்கி நகரை அடைந்தேன். அங்கே, ஆறு அணைந்தோடும் இடத்தில், 2008 இல் திறக்கப்பட்ட ஹார்லி-டேவிட்சன் நூதனசாலை இருக்கின்றது.

வில்லியம் ஹார்லி, ஆதர் டேவிட்சன் என்னும் இளைஞர் இருவர் முதலில் சைக்கிளில் பூட்டுவதற்கென 116 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறு இயந்திரம் ஒன்றைச் செய்தனர். மில்வோக்கியின் மேடுகளில், மிதியாமல் ஏற அதனால் முடியவில்லை. அதனை ஒதுக்கிவிட்டு 405 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைச் செய்தனர். 1903 இல், டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் 10 அடிக்கு 15 அடியான மரக் கொட்டிலில் கம்பனி பிறந்தது. இன்னும் வலு வேண்டும் என்னும் ஆசை வண்டிக்கு முன்னரே பிறந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் மகாயுத்தத்தின்போது இராணுவத்துக்கென இக்கம்பனி ஏறத்தாழ 90,000 வண்டிகளைச் செய்தது. யுத்தம் முடிந்து வீடு திரும்பிய வீரர் பலர், பாரம் குறைந்தால் ஓட்டம் கூடும் என்று கருதி, பின் மட்கார்ட்டை வெட்டினர். வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்தனர். அதற்கு வேண்டிய மூலதனம் ஓர் அறுவாளும் ஒரு சனிக்கிழமையுமே. இன்று பெருஞ்செலவாய் நிற்கும் இவ்வழக்கம், கழித்தலாகவே செழித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

1960களில் முன்சக்கரத்தை நெடுந்தூரம் நீட்டிய 'சொப்பர்' வண்டிகள் தோன்றின. 1969 இல் வெளியான 'ஈஸி றைடர்' திரைப்படம் அவற்றை உலகறியச் செய்தது. அப்படத்தின் வண்டிகளை அமைப்பதில் முன்னின்ற கிளிவ் வோன்ஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பின அமெரிக்கரின் பெயர்கள் நெடுங்காலம் வெளிவராதிருந்தமை வருந்தத்தக்கது. உரிமையாளர் தம் கைகளாற் செய்துவந்ததைக் கம்பனியும் கவனித்தது. தாபகர் ஒருவரின் பேரனான வில்லி ஜீ டேவிட்சன் வடிவமைத்த 'சூப்பர் கிளைட்' 1971 இல் தொழிற்சாலையிலிருந்தே மாற்றியமைத்த கோலத்தில் வெளிவந்தது. பின்னர் உதிரி அலங்காரங்களுக்கென்றே நூற்றுக்கணக்கான பக்கங்களில் விலைப்பட்டியல்கள் அச்சாயின. கையால் செய்ததைக் கடையில் வாங்கும் காலம் வந்தது. கைவேலைக்கு ஒரு முடிவுண்டு. செய்தவன் எட்ட நின்று பார்த்துத் திருப்தியடைவான். கடைச்சரக்குக்கு முடிவில்லை, அடுத்த வருடத்துப் பட்டியல் இவ்வருடத்துத் திருப்தியை அழித்துவிடும்.

துருப்பிடித்த வண்டி

நூதனசாலையில் பளபளக்கும் வண்டிகள் பல. இரண்டு இயந்திரங்கள் பூட்டி, 13 அடி நீளத்துக்கு ஒருவர் அலங்கரித்த 'கிங் கொங்' என்னும் வண்டியும் அங்குண்டு. ஆயினும், நான் நெடுநேரம் நின்றது துருப்பிடித்த ஒரு வண்டியின் முன்னேதான்.

2004 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அவ்வண்டி ஜப்பானின் மியாகி மாகாணத்தவர் ஒருவருக்கு உரியது. 2011 மார்ச் 11 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அதனை வைத்திருந்த பெட்டகத்தோடு அடித்துச் சென்றது. 2012 ஏப்பிரலில், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில், கனடாவின் ஹைடா குவாய் தீவொன்றில் அது கரையொதுங்கியது. இலக்கத் தகட்டைக் கொண்டு உரிமையாளரைக் கண்டுபிடித்தனர். அவர் வீட்டையும் குடும்பத்தவர் மூவரையும் இழந்திருந்தார். வண்டியைப் புதுப்பித்துத் தருவதாகக் கம்பனி கூறியது. அவர் அதனை ஏற்கவில்லை; இறந்தோரின் நினைவாக, உள்ளபடியே நூதனசாலையில் வைக்குமாறு வேண்டினார். இன்று துருவும் உப்பும் அரித்த கோலத்தில் அது நிற்கின்றது.

2004 டிசம்பரில் அலையின் கொடுமையைக் கண்ட நாட்டவர்க்கு அதன் முன் நிற்கும்போது மனம் கனக்காமல் இராது. அந்த வண்டிக்கு இனி எந்தப் பாகமும் வேண்டியதில்லை. மாற்றவேண்டாம் என்று உரியவர் சொல்லிவிட்ட அன்றே அது முற்றுப்பெற்றது. மினசோட்டா முதியவரின் கறுத்த இரும்புக் காலும் அவ்வாறே முற்றுப்பெற்றதொன்று. பட்டியலில் விலை குறிக்கப்படாத பாகம் அது.

வண்டி வைத்திருப்போர் மட்டுமன்றி, வீடு கட்டுவோரும், நகை செய்விப்போரும், ஏன், புத்தகம் சேர்க்கும் என் போன்ற ஆசிரியரும் எண்ணிப்பார்க்க வேண்டிய காரியம் இது. எதை வாங்கினால் முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் முடிவு வாராது. எதை மாற்ற மாட்டேன் என்று அறிந்துகொண்டவனுக்கே கணக்கு முடிகின்றது. அதன் பின்னர், பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கும் குசினிக்கும் வழி பிறக்கும்.