சனிக்கிழமை நோட்டு

யூதர்களின் வாராந்தர வேத வாசிப்பை ஒரு வருஷம் கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் தோராவிலிருந்து அந்த வாரத்துப் பகுதி. அதற்குப் பராஷா என்று பெயர். வலப்பக்கம் அதோடு சேர்த்து வாசிக்கும் தீர்க்கதரிசிப் பகுதி, ஹஃப்தாரா. நடுவில் தையல் ஓடும் இடத்தில், இந்த இரண்டையும் எது கட்டுகிறது என்று பென்சிலால் எழுதவேண்டும். பல வாரம் அங்கே ஒரு சொல்தான் இருக்கிறது. சில வாரம் காலி. கீழே வருபவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. வார வரிசையில் இல்லை.

*

தோரா என்னும் மோசேயின் ஐந்து ஆகமங்களை 54 பகுதிகளாக வகுத்து ஒரு வருஷத்தில் முடிக்கிறார்கள். பண்டிகை சனிக்கிழமையில் விழுந்தால் அந்த வாரப் பகுதி தள்ளிப்போகும். 13 மாதம் வரும் லீப் ஆண்டில் வாரங்கள் கூடும்; மற்ற ஆண்டுகளில் போதாமல் போகும்; அப்போது சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே சனிக்கிழமையில் வாசித்து ஈடுகட்டுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தொடக்க வரிகளில் வரும் சொல்லே பெயர். 'சாராளின் வாழ்வு' என்று பெயர் கொண்ட பகுதி, சாராள் 127 வயதில் செத்துப்போவதில் தொடங்குகிறது.

இன்று நாம் எண் சொல்லிப் படிக்கும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் செய்தது. யூதரின் பிரிப்பு அதோடு ஒட்டாது. முதல் பராஷா ஆதியாகமம் 6:8இல் நிற்கிறது. மனிதரைப் படைத்ததற்கே மனம் நொந்து, எல்லாவற்றையும் துடைத்துப் போடுவேன் என்று கடவுள் சொல்லியாயிற்று. நோவா ஒருவனுக்கு மட்டும் தயவு கிடைத்தது என்ற வரியோடு சுருளை மூடிவிடுகிறார்கள். வெள்ளம் அடுத்த வாரம்தான். ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படிக்கும் நமக்கு அந்த ஏழு நாள் காத்திருப்பு கிடைப்பதில்லை.

*

தோரா முழுவதையும் மூன்று வருஷத்துக்கு நீட்டி வாசிக்கும் வழக்கமும் பாலஸ்தீனத்தில் இருந்தது. ஒரு வருஷ வழக்கம் பாபிலோனிய யூதருடையது. கடைசியில் அதுதான் வென்றது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன துதேலா ஊர் பெஞ்சமின், ஒரே நகரில் இரண்டு ஜெப ஆலயங்களைப் பார்த்தார். ஒன்றில் ஒரு வருஷக் கணக்கு, மற்றதில் மூன்று வருஷக் கணக்கு. ஆனால் தோரா முடியும் திருநாளை இரண்டு கூட்டமும் சேர்ந்து கொண்டாடியதாக எழுதிவைத்திருக்கிறார். முடிக்காதவர்களும் முடித்தவர்களோடு சேர்ந்து ஜெபித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த தகவல்.

*

நான் செய்த ஒரு தவறு.

யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டி செய்யச் சொல்லும் வாரம். குழந்தை மோசேயை நைல் நதியில் விட்டதும் நாணற்பெட்டியில்தானே என்று ஞாபகம் வந்தது. பெட்டியில் போட்டு ஆற்றில் விட்ட பிள்ளை, பின்னாளில் கற்பலகைகளைப் பெட்டியில் வைக்கிறான்! பென்சிலை எடுத்துத் தையல் இடத்தில் பெரிதாக எழுதி இரண்டு கோடும் போட்டேன். எபிரேயத்தில் இரண்டும் வேறு வேறு சொல் என்று மறுநாள் தெரிந்தது. உடன்படிக்கைப் பெட்டி 'அரோன்'. மோசேயின் பெட்டி 'தேபா'. (தேவா என்றும் உச்சரிப்பார்கள், தமிழில் அப்படி எழுதினால் ஆண்டவனைக் கூப்பிடுவதுபோல ஆகிவிடுகிறது.)

இந்தத் தேபா எபிரேய வேதம் முழுவதிலும் இரண்டே பேருக்குத்தான் வருகிறது. ஒன்று மோசே. இன்னொன்று நோவா. நோவாவின் பேழையும் மோசேயின் நாணற்பெட்டியும் மூலத்தில் ஒரே சொல். இரண்டுக்கும் கீல் பூசுகிறார்கள். இரண்டும் மற்றவர்கள் செத்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் மிதக்கின்றன. எபிரேயத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனுக்குக்கூட, யாத்திராகமம் தொடங்கிய வாரமே, நோவா ஞாபகம் வந்துவிடும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒருவருக்குப் பேழை, ஒருவருக்குப் பெட்டி என்று பிரித்துக் கொடுத்ததில் அந்தக் கயிறு அறுந்துபோயிற்று. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'உடன்படிக்கைப் பேழை' என்று வருவதால், அங்கே நோவாவுக்கும் கற்பலகைக்கும் இல்லாத உறவு முளைத்துவிடுகிறது.

ஆனால் என் தவறு முழுக்க வீண் போகவில்லை. அரோன் என்ற சொல்லைத் தேடிப் போனபோது, ஆதியாகமத்தின் கடைசி வரியில் அது இருந்தது: எகிப்தில் யோசேப்பின் உடலை வைத்த பெட்டி. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் இரண்டு அரோன்கள் கூடவே போயின, ஒன்றில் பிணம், ஒன்றில் கட்டளை என்று யூதரின் மரபுநூலான தால்மூது பேசுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பும் யோசேப்பைப் பெட்டியில்தான் வைக்கிறது. போட்ட இரண்டு கோட்டில் ஒன்றை மட்டும் அழித்தேன்.

*

பக்கத்துக் கேரளத்துச் செய்தி ஒன்று. சுருளை விரித்து வாசிக்கும் மேடைக்கு ஸ்பெயின் வழி யூதர்களும் கொச்சி யூதர்களும் சொல்லும் பெயர் தேபா. கொச்சிப் பக்கத்து ஜெப ஆலயங்களில் கூடத்தின் நடுவில் ஒரு தேபா, மாடியில் இன்னொன்று. வேறெங்கும் காணாத இந்த மாடி மேடையிலிருந்துதான் ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா வாசிப்பு நடந்துவந்தது.

*

ஹஃப்தாரா என்றால் முடிப்பு. இது எப்படித் தொடங்கியது என்பதற்கு 14ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து அபுத்ராம் ஒரு கதை சொன்னார். கொடுங்கோலன் அந்தியோகஸ் தோரா வாசிக்கத் தடை போட்டான். அதனால் அதே கருத்துள்ள தீர்க்கதரிசிப் பகுதியை வாசித்தார்கள். தடை போனபின்னும் பழக்கம் தங்கிவிட்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு புத்தகத்தைத் தடுத்தவன் பக்கத்துப் புத்தகத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்று யாரும் கேட்காதவரை. முதல் நூற்றாண்டில் பழக்கம் இருந்தது உறுதி. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து ஏசாயாவை வாசித்ததை லூக்கா எழுதுகிறார். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனமும் வாசித்து முடிந்தபின் பவுலைப் பேசச் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் 13 சொல்கிறது.

*

முடிச்சு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்குச் சில.

நோவா வாரத்துக்கு ஏசாயா 54. அங்கே 'நோவாவின் வெள்ளம்' என்று ஒரு சொற்றொடர் வருகிறது, அவ்வளவே. ஆபிரகாம் வயது முதிர்ந்து மகனுக்குப் பெண் பார்க்க ஆளனுப்பும் வாரத்தில், தாவீது வயது முதிர்ந்து போர்த்தினாலும் குளிர் தாங்காமல் கிடக்கும் ராஜாக்கள் முதல் புத்தகம். இரண்டு கதையும் 'கிழவன், நாட்களில் சென்றவன்' என்ற அதே எபிரேயத் தொடரோடு ஆரம்பம். முதல் கிழவர் வீட்டில் எல்லாம் ஒழுங்கு. இரண்டாம் கிழவர் வீட்டில், அப்பா சாகுமுன்பே பிள்ளை பட்டாபிஷேக விருந்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

கோராகு மோசேயை எதிர்க்கும் வாரம் இன்னும் நுட்பம். ஒருவரிடமும் ஒரு கழுதைகூட எடுத்ததில்லை என்று மோசே குமுறுகிறார். ஹஃப்தாராவில் கிழட்டுச் சாமுவேல் மக்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று கேட்கிறார். கழுதைக்குக் கழுதை, சரி என்று எழுதிவிட்டு நோட்டை மூடப்போனேன். நாளாகமத்து வம்ச அட்டவணையைப் பார்த்தால் சாமுவேல் கோராகின் வழியில் வந்தவர். கலகக்காரனின் பேரப்பிள்ளை மோசேயின் வாக்குமூலத்தைத் தன் வாயால் சொல்கிறான். ஜோடி சேர்த்தவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. தேடுகிறவன் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

*

பராஷாவுக்குள்ளேயே ஓடும் முடிச்சுகள் தனி. யோசேப்பை விற்ற கதை சூடு பிடித்திருக்கும்போது, ஆதியாகமம் 38இல் சம்பந்தமே இல்லாமல் யூதாவும் தாமாரும் நடுவே வருகிறார்கள். சிறுவயதில் இது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். 37இல் அண்ணன்மார், ஆட்டு ரத்தத்தில் தோய்த்த அங்கியை அப்பாவிடம் கொடுத்து 'ஹக்கேர் நா', அடையாளம் பாருங்கள் என்கிறார்கள். 38இல் தாமார், முத்திரையையும் கயிற்றையும் கைத்தடியையும் மாமனாருக்கு அனுப்பி அதே 'ஹக்கேர் நா' சொல்கிறாள். அப்பாவை ஏமாற்றிய சொல்லே யூதாவைத் தேடி வந்து பிடிக்கிறது. பழைய ரபிமார் இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். ராபர்ட் ஆல்டர் 1981இல் வேதக் கதைக்கலை பற்றி எழுதிய நூலில் இந்த இடத்தை எடுத்துக்கொண்டு விரித்தார்.

அதோடு முடியவில்லை. தாமாரிடம் யூதா கொடுத்தது 'எராவோன்', அதாவது அடகு. அடுத்த பராஷாவில், பென்யமீனுக்கு நான் பொறுப்பு என்று அப்பாவிடம் சொல்லும்போது அதே வேர்ச்சொல். அதற்கடுத்த பராஷாவில் எகிப்து அதிகாரியின் முன் நின்று பேசும்போதும் அதே வேர். அடகு வைத்தவன் மூன்று வாரத்தில் ஜாமீன்தாரன் ஆகிறான். இன்றைய எபிரேயத்திலும் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் 'அரேவ்' தான்.

*

வாரப் பகுதியை எப்படி வீட்டில் படிக்கவேண்டும் என்பதற்குத் தால்மூதில் ஒரு விதி உண்டு: மூலம் இருமுறை, அரமேய மொழிபெயர்ப்பு ஒருமுறை. எபிரேயம் எழுத்துக்கூட்டும் அளவுக்கே தெரிந்த நான் தமிழை இருமுறையும் மூலத்தை ஒருமுறையும் தலைகீழாகச் செய்கிறேன். பலன் என்னவோ இரண்டாம் வாசிப்பில்தான். முதல்முறை கதை முந்திக்கொள்கிறது.

நெகாமா லைபோவிட்ஸ் என்ற அம்மையார் (1905–1997) இந்தப் படிப்புக்கே ஆயுளைக் கொடுத்தவர். 1942 முதல் 1971 வரை வாராவாரம் கேள்வித்தாள் அனுப்பினார். கேட்டவர் யாராயிருந்தாலும் அனுப்புவார்; விடை எழுதி வந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். கடினமான கேள்விக்கு ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. 'இந்த இடத்தில் ராஷிக்கு என்ன இடறியது?' என்பது அவருடைய பேர்போன கேள்வி. உரையாசிரியரான ராஷி என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, எது உறுத்தியதால் வாய் திறந்தார் என்று பார்ப்பது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரை இப்படிப் படித்தால் என்ன என்று அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு அதிகாரத் தொடக்கத்திலும், இது ஏன் அதற்குப் பின் நிற்கிறது என்று சொல்லிவிட்டே உள்ளே போகிறவர். நெகாமாவின் கல்லறையில் பெயரோடு ஒரே ஒரு சொல்: ஆசிரியை.

*

ஒத்துப்போகும் ஜோடிகளைவிட முட்டிக்கொள்ளும் ஜோடிகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. லேவியராகமத்தில் பலி செலுத்தும் முறையை விரலளவாகச் சொல்லும் வாரத்துக்கு, எகிப்திலிருந்து கொண்டுவந்த நாளில் நான் பலியைப் பற்றிப் பேசவேயில்லை என்று கடவுள் சொல்லும் எரேமியா 7. ஆறு வருஷம் உழைத்த அடிமையை ஏழாம் வருஷம் விட்டுவிடு என்று யாத்திராகமம் சொல்லும் வாரத்துக்கு எரேமியா 34. அங்கே, முற்றுகைக்குப் பயந்து எருசலேம்காரர்கள் அடிமைகளை விடுவிக்கிறார்கள். பகைவரின் படை சற்று விலகியதும் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள். சட்டம் இடப்பக்கம், அதற்கு நேர்ந்த கதி வலப்பக்கம். அந்த வாசிப்பு நகரம் பாழாகும் என்பதோடு முடிகிறது. அப்படி முடிக்கக்கூடாது என்பது மரபு. அதனால் வாசிப்பவர் பின்னால் தாவி, 33ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் படித்து நல்ல வார்த்தையோடு நிறுத்துகிறார். இது எனக்கு உடன்பாடில்லை. எரேமியாவே ஆறுதல் சொல்லாத இடம் அது.

*

கடைசியாக, என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்த ஜோடி.

பெஹார் என்ற பராஷா, லேவியராகமம் 25. வறுமையில் நிலத்தை விற்றவனுக்காக நெருங்கின சொந்தக்காரன் வந்து மீட்கவேண்டும் என்ற சட்டம். அதற்கு எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவல் முற்றத்தில் கிடக்கிறார். அங்கே அப்பாவின் உடன்பிறந்தவர் மகன் வந்து நிற்கிறான்: ஆனதோத்தில் என் நிலம் இருக்கிறது, மீட்கும் உரிமை உனக்குத்தான், வாங்கிக்கொள். ஆனதோத் பக்கத்து ஊர்தான். எதிரி கையில் போன மண்.

எரேமியா பேரம் பேசவில்லை. 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரம் இரண்டு: முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து, மண்பானையில் போட்டு வை, நெடுநாள் இருக்கவேண்டும் என்கிறார். ஒரே பத்திரத்தை இரண்டு முறை எழுதி, மேற்பாதியைச் சுருட்டிக் கட்டி, கீழ்ப்பாதியைப் படிக்கத் திறந்து விடும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. பாபதா என்ற பெண் பாதுகாத்த இரண்டாம் நூற்றாண்டுப் பத்திரக் கட்டில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. 1961இல் யூதேயப் பாலைவனக் குகையில் தொல்லியல் அறிஞர் இகால் யாதீன் குழுவினர் கண்டெடுத்தது.

எந்தத் தரிசனத்தைவிடவும் இந்தக் கிரயத்தில் எனக்கு நம்பிக்கை வருகிறது. வாங்கியவருக்கு அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது. அது அவருக்கே தெரியும்.

சாதாரண ஆண்டுகளில் பெரும்பாலும் பெஹாரை அடுத்த பகுதியோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது அடுத்த பகுதியின் ஹஃப்தாராதான் வாசிக்கப்படும், எரேமியாவின் நிலம் விட்டுப்போகும். லீப் ஆண்டில் பெஹாருக்கு என்று தனிச் சனிக்கிழமை. 2024 மேயில் வந்தது. அதற்கடுத்த லீப் ஆண்டில் வருவது 2027 மே மாதம்.