கண்டனமும் கண்களும்

2022 ஜூலையில் நடிகர் ரன்வீர் சிங்கின் ஆடையற்ற படங்களை ‘பேப்பர்’ என்னும் அமெரிக்க இதழ் வெளியிட்டது. கொதித்தெழுந்தனர் பலர். மும்பையில் செம்பூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. இந்தூரில் சிலர் பெட்டி வைத்து அவருக்கென்று துணி திரட்டினர்.

இரவு பகலாகத் துணி நெய்யும் சோமனூரில் வாழும் நமக்கு அச்செய்தி நகைப்பையே தந்தது. ஆயினும் அந்த நகைப்பு நீடிக்கவில்லை.

மஃரிபு தொழுதுவிட்டுத் திரும்புகையில், தேநீர்க் கடையில் நண்பரொருவர் அப்படத்தைக் கடுமையாகச் சாடினார். சாடியவாறே, “அஜரத், இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். நாமும் பார்த்தோம். நம்மிடம் ஓதும் சிறுவன் அருகில் நின்று நம் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கும் கட்டளை, திருமறையின் அந்நூர் அத்தியாயத்தில் 30ஆம் வசனத்தில் ஆண்களுக்கே முதலில் வருகிறது. பெண்களுக்கு அதன் பின்னரே. இதை எத்தனை ஆண்டுகள் போதித்திருக்கிறோம்! எங்கோ வெளிவந்த படத்தை நம் தெருவுக்குச் சுமந்து வந்தது ஆசையன்று, கண்டனமே. அந்தச் சுமைகூலிகளுள் நாமும் ஒருவரானோம்.

மறுநாள் பாடத்திற்கு முன் அச்சிறுவனை அழைத்து, “தம்பி, நேற்று நாம் தவறிவிட்டோம்” என்றோம். அவன் தலை குனிந்தான். நாமும் குனிந்தோம்.