வாக்கு மாறாத வேடந்தாங்கல்

கல்யாண நாளுக்கு வாக்குக் கொடுத்த பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். விலையைக் கேட்டதும் எனக்குத் திடீரென்று பறவைப் பாசம் பொங்கியது. "புடவை எங்கே போகப் போகுது? முதல்ல வேடந்தாங்கல்!" என்று மனைவியை பஸ் ஏற்றினேன்.

டிசம்பர் குளிர். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம்... கிளைக்குக் கிளை கல்யாண மண்டப இரைச்சல்!

என் பி.காம். புத்தி கணக்குப் போட்டது. மீன் செலவு, எச்சம் வரவு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தானே வயலுக்கு உரம்! அதனால்தான் ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

கரையில் நின்ற பொடியனிடம், "தீபாவளிக்கு வெடி உண்டாடா?" என்றேன்.

"வெடிச்சா அதுங்க திரும்பி வராது சார்!"

திரும்பும்போது மனைவி மெல்லச் சொன்னாள்: "இந்த ஊர்ல இருநூறு வருஷமா வாக்கைக் காப்பாத்துறாங்க. நீங்க..?"

மறுபேச்சில்லாமல் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினேன்.