மஞ்சள் கழுத்தினர் இருவர்

ஒன்றை அறிய வேண்டுமாயின் அதனைப் போன்ற மற்றொன்றின் அருகில் வைத்துப் பார்ப்பது விலங்கியலார் வழக்கம். ஆனால் ஒப்பிடுவதில் இரு வகை உண்டு. வேற்றுமையைக் கண்டறிய ஒப்பிடுவது ஒன்று. ஒன்றைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் மற்றொன்றின் தலையில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையால் நம் தென்மலைகளில் வாழும் ஒரு சிறு விலங்குக்கு நேர்ந்திருப்பதைச் சங்க அன்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அவ்விலங்கு நீலகிரி மார்ட்டன். அதன் வடநாட்டு உறவு, இமயமலைக் காடுகளில் திரியும் மஞ்சள் தொண்டை மார்ட்டன். இரண்டும் வீசல் குடும்பத்து ஊனுண்ணிகள். "வீசல் என்றால் நம் கீரிதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. கீரி, பூனையின் பக்கத்துச் சொந்தம். வீசலோ நாய், கரடி இவற்றின் பக்கத்துச் சொந்தம். இரவில் வீட்டு ஓட்டின்மேல் ஓடும் மரநாயும் பெயரளவில்தான் நாய்; அதுவும் பூனைப் பக்கமே. நாமெல்லாம் அறிந்த நீர்நாய்தான் இக்குடும்பத்தின் உண்மையான உறுப்பினர். மார்ட்டனையும் மரநாய் என்றே சொல்லிவிடுவோர் உண்டு. ஆகவே, தமிழில் அதற்குப் பெயரில்கூட ஒண்டுக்குடித்தனந்தான்!

நான் பிறந்தது கோத்தகிரியில். தந்தையாரின் வேலை மாற்றத்தால் 6 வயதில் வடக்கே வந்தேன். இப்போது வயது 23. முதுகலை வகுப்பில் உடன் பயிலும் 18 பேரில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்தியே. 2024 மார்ச்சில் எங்கள் வகுப்பு குமாவுன் மலையிலுள்ள பின்சர் சரணாலயத்துக்குச் சென்றது. ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்த காலம். காலை 8 மணி இருக்கும். சரிவில் ஓக் மரம் ஒன்றிலிருந்து இரண்டு மார்ட்டன்கள் தலைகீழாக இறங்கின. கரிய தலை, பொன்னிற முதுகு, கரிய கால்கள், உடலின் முக்கால் நீளத்துக்கு வால், மஞ்சள் அரைத்துப் பூசினாற் போன்ற தொண்டையும் மார்பும். ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. மற்றொன்று பாராமலே போயிற்று. அவ்வளவுதான், மறைந்துவிட்டன.

அல்மோராவைச் சேர்ந்த வகுப்புத் தோழி ஒருத்தி மகிழ்ச்சியோடு சொன்னாள்: "உங்கள் தெற்கிலும் இதன் கிளை ஒன்று உண்டாமே? இதைப் பார்த்துவிட்டால் அதையும் பார்த்தது போலத்தான்." அவள் அன்பாகவே சொன்னாள். ஆனால் 'கிளை' என்ற அந்தச் சொல் என் மனத்தில் தைத்துவிட்டது. ஊர் திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன்.

வடக்கத்தியது 1785-இல் போடார்ட் என்னும் டச்சு அறிஞரால் பெயரிடப்பட்டது. தெற்கத்தியதற்கு 1851-இல், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருட்காட்சி சாலையிலிருந்த ஹார்ஸ்ஃபீல்டு பெயரிட்டார். இரண்டும் பகலில் திரிபவை, மரமேறுவதில் வல்லவை, எலி, பறவை, பூச்சி இவற்றோடு தேனையும் விடாதவை. தெற்கத்தியதன் உடல் 55 முதல் 65 செ.மீ.; வால் 40 முதல் 45 செ.மீ.; எடை ஏறக்குறைய 2 கிலோ. வடக்கத்தியதில் ஆண் 5 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. தெற்கத்தியதற்குப் பொன்முதுகு இல்லை. தலைமுதல் பின்புறம்வரை கரும்பழுப்பு. முன்பகுதியில் செம்மை கலந்திருக்கும். தொண்டை மட்டும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுவரை ஒளிவிடும். முக்கியமான வேற்றுமை தோலுக்கு உள்ளே இருக்கிறது. அதன் மண்டையோடு தட்டையானது. நெற்றியில் தெளிவான பள்ளம் உண்டு. தனி இனம் என்பதற்கு அதுவே பெரிய சான்று.

வாழும் நிலப்பரப்பையும் பாருங்கள். வடக்கத்தியது இமயத்திலிருந்து சீனம், கொரியா, ரஷ்யாவின் கீழ்க்கோடிவரை பரவியிருக்கிறது. தெற்கே ஜாவாத் தீவிலும் இருக்கிறது. இணையாகவும் சிறு கூட்டமாகவும் வேட்டையாடிக் கஸ்தூரிமான் குட்டியையும் வீழ்த்தும் என்று எழுதியிருக்கிறார்கள். தெற்கத்தியதற்கு உலகமே மேற்குத் தொடர்ச்சி மலைதான். குடகு, நீலகிரி, ஆனைமலை, பெரியாறு, அகத்தியமலை என்று துண்டு துண்டான காடுகள். அதன் இனப்பெருக்கம் பற்றி நூல்களில் உள்ளதை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். இல்லாத பக்கங்களை வடக்கத்தியதன் செய்தியைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம்.

இடையே இவ்வளவு சமவெளி கிடக்க, இரு மலைகளிலும் ஒரே சாயல் எப்படி வந்தது? மலையோடை மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா இக்கேள்விக்கு 1940-களில் ஒரு விடை சொன்னார். விந்திய சாத்பூரா மலைத்தொடர் பாலம்போல் நின்று, கிழக்கு இமயத்து உயிர்களைத் தெற்கே கடத்தியது என்பது அவர் கருத்து. அழகான கருத்துத்தான். ஆனால் சாயலை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் நேரும். நம் மாநில விலங்காகிய வரையாட்டை இமயத்துத் தார் ஆட்டின் உடன்பிறப்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2005-இல் மரபணுவை ஆராய்ந்தபோது, வரையாடு செம்மறியாட்டுக்கும், இமயத்துத் தார் வெள்ளாட்டுக்கும் நெருங்கியவை என்று தெரியவந்தது. இன்று அவை வெவ்வேறு பேரினங்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வடக்கத்தியது கவலைக்கு இடமில்லாத வரிசையிலும், தெற்கத்தியது அழிவுக்கு ஆளாகக்கூடிய வரிசையிலும் இருக்கின்றன. 'இரண்டும் ஒன்றே' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நம் சோலைகளில் கடைசி மார்ட்டன் மறைந்தாலும் கணக்கில் ஒன்றும் குறையாது. கொரியாவில்தான் நிறைய இருக்கின்றனவே!

கோத்தகிரியில் என் தாய்மாமன் தேன்பெட்டி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு தொலைபேசியில், "ஏங்கண்ணு, பட்டப்பகல்லயே பொட்டி மூடியத் தள்ளிட்டு அடையத் தின்னுட்டுப் போவுது. முதுகு கருப்பு, நெஞ்சு மஞ்சளு. பொறி வெச்சரலாமான்னு இருக்கறேன்" என்றார். "வேண்டாங்க மாமா. இது நம்ம மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இல்லை" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "வேற எங்கயுமே இல்லியா?" என்று மெல்லக் கேட்டார். மறுநாளே மூடிகளைக் கம்பியால் கட்டி மேலே கல்லும் வைத்துவிட்டாராம். 'இமயத்திலும் இருக்கிறது' என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கம்பிக்கு வேலை இருந்திராது என்றே நினைக்கிறேன்.

இங்கே நம்மையெல்லாம் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். நம் வீடுகளிலும் பஞ்சாபி முதல் வங்காளிவரை எல்லோரும் 'வடக்கத்தியார்'தான். உறவைச் சொல்வது நல்லது. ஆனால் உறவைச் சொன்னதும் ஆளை அறிந்துவிட்டதாக எண்ணுவது நல்லதன்று.

விடுமுறையில் உதகைக்கும் வால்பாறைக்கும் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தில் மஞ்சள் கழுத்து ஒன்று மின்னி மறையுமாயின் நாளும் நேரமும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றா, இரண்டா, என்ன தின்றது என்பதையும் எழுதுங்கள். குறிப்பை எனக்கு அனுப்பினால், வடக்கத்தியதைக் கொண்டு நிரப்பிய பக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, அதன் சொந்த வரியை எழுதிக்கொள்வேன்.