பட்டிக்கு இரண்டு பேர்

சங்ககிரிக் கோட்டை மலையைத் தாண்டிக் கொங்கணாபுரம் போகும் பக்கமெல்லாம் மானாவாரிக் காடுகள். கடலைக்காய் பிடுங்கி முடித்த செம்மண்ணில் அறுபது எழுபது ஆடுகள் தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. வெளிர்ப் பழுப்பு நிறம், குட்டை மயிர், கொம்பில்லாத தலை. தூரத்திலிருந்து பார்த்தால் மான் கூட்டம் என்றே தோன்றும்.

இவை மேச்சேரி ஆடுகள். ஊரில் பொதுவாகச் செம்பிலியாடு என்பார்கள். வளர்ந்த கிடா 35 கிலோ, பெட்டை 22 கிலோ அளவில் நிற்கும். கம்பளி கிடையாது, கறிக்கும் தோலுக்கும்தான் வளர்ப்பு. தோலின் தரத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்துக்கென்றே மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் 1978இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது.

ஆடுகளுக்குப் பின்னால் வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் லாரி ஓட்டியவர்; சங்ககிரி வட்டாரத்தில் அது அதிசயமில்லை. "லாரியில போனா வூடு வர மாசமாகுமுங்க. ஆட்டோட போனா பொழுதுக்குள்ள வந்தரலாம்" என்றார் அந்த அண்ணன். மேய்ப்பு என்றால் ஆட்டுக்குப் பின்னால் நடப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் இவரோடு அரை நாள் நடந்தால் போதும், அந்த நினைப்பு மாறிவிடும்.

பனி காயும்முன் பட்டியைத் திறப்பதில்லை. ஈரப் புல்லின் நுனியில் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும். வெயில் வந்தால்தான் இறங்கும். மழை பொய்த்துச் சுண்டிப்போன இளஞ்சோளப் பயிரைக் கண்டால் மந்தையைச் சுற்றுவழியில் திருப்புகிறார். அதில் ஊறும் சயனைடு நஞ்சு ஆட்டை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குக் காடுகள் அதிகம். அந்தப் பச்சைத் தழையிலும் அதே நஞ்சுதான். "வாடிக் காஞ்சதத் திங்கலாமுங்க. பச்சையா வவுறு நெறையத் தின்னுச்சுன்னா அம்புட்டுத்தான்." எந்தக் காட்டில் எப்போது அறுவடை, யார் உள்ளே விடுவார், எந்தக் கிணற்றடியில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிற வரைபடம். அந்த வரைபடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. சில காடுகள் வீட்டுமனைகளாகிவிட்டன, சில காடுகளில் கம்பிவேலி ஏறிவிட்டது. முன்பு ஒரு மைலுக்குள் நிறைந்த வயிற்றுக்கு இன்று இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கிறது.

பட்டியில் வேறொரு அறிவு வேலை செய்கிறது. அங்கே அவர் மனைவியான அக்காவின் ஆட்சி. பொழுது இறங்கி ஆடுகள் திரும்பும்போது படலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். எண்ணுவதில்லை, முகம் பார்க்கிறார். எது மெதுவாக வருகிறது, எதன் கழிச்சல் இளகியிருக்கிறது, எதற்கு மடி கனத்திருக்கிறது என்று அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. பிறகு கொடாப்பைத் தூக்குகிறார். அடைந்து கிடந்த குட்டிகள் தாயைத் தேடி ஓடுகின்றன. முட்டி விரட்டும் தாயைப் பிடித்து நிறுத்தி ஊட்டவைப்பதும், பால் போதாத குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதும் அவர்தான்.

ஐந்து மாதச் சினை. பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. அதனால் ஒரு குட்டி செத்தால் அந்தத் தாயின் அரை வருட உழைப்பு போயிற்று. மழைக்குப் பின் தழைக்கும் இளம்புல் துள்ளுமாரி நோயைக் கொண்டுவரும். குடலில் உள்ள நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நஞ்சு கக்குவதால் கொழுகொழுவென்றிருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு இன்னொரு ஊசி. 2030க்குள் அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. கால்நடை மருந்தகத்தில் ஊசி போடும் நாள் இந்த வீட்டில் அக்காவுக்குத்தான் தெரியும்.

கிடா விஷயத்திலும் அவர் சொல்தான் கடைசி. இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஆனால் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அதை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கிய இரத்தம் கலந்து குட்டிகள் நலிந்துபோகும். ஏட்டில் எதுவும் எழுதி வைக்கவில்லை. "இது வெள்ளக்காலியோட பேத்தி, அது மொண்டியோட மவ" என்று விரல் நீட்டிக்கொண்டே போனார். பாதி மந்தையின் வேர் 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் இருக்கிறது. ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் தந்த அந்தத் திட்டத்தில் அவர் பெயருக்கு வந்தவற்றின் வழிவந்தவை அவை.

காடு அறுத்த பிறகு பட்டி போடக் கூப்பிடுவார்கள். இரவெல்லாம் ஆடு கிடந்த நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம்; மேய்ப்பவருக்குக் கூலி. அந்த நாட்களில் அண்ணன் படலோரக் கட்டிலில் படுக்கிறார். சென்னிமலை, காங்கயம் பகுதிகளில் நாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் குதறியதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் தெரிந்த பிறகு தூக்கம் கோழித்தூக்கம்தான். பின்னிரவில் அக்கா டார்ச்சோடு வந்து காவல் மாற்றுகிறார். "அவியளுக்கு ரெண்டு மணி நேரமாச்சும் கண்ணசரோணுமில்லீங்க" என்கிறார், அது ஒரு வேலையே இல்லை என்பதுபோல.

கொங்கணாபுரம் சனிச்சந்தைக்கு அண்ணன் மட்டும் போகிறார். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். ஆனால் எந்த ஆட்டைக் கழிப்பது, எவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது முந்தின இரவே வீட்டில் பேசி முடிந்திருக்கும். சந்தையில் இருப்பவர்களுக்கோ இது இன்னார் ஆடு, அவ்வளவுதான். அந்த இன்னார் எப்போதும் ஆண்தான்.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அதே 2026ஐப் பெண் விவசாயிகளுக்கான ஆண்டு என்றும் அறிவித்தது. உலகத்துக்கு இவை இரண்டு தலைப்புகள். இந்தப் பட்டியில் இரண்டையும் பிரித்தால் மந்தை ஒரு மழைக்காலம் தாங்காது. கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை வந்துவிட்டது. அந்த வீட்டில் அட்டை ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. அது யார் பெயர் என்று நான் கேட்கவில்லை. அக்காவே சிரித்துக்கொண்டு அண்ணனைக் காட்டினார்.

அவர்களுக்கு ஒரு மகன். போர்வெல் போடும் ரிக் லாரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். ஆடு வளர்க்க ஆசை. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவன் என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். "வெயில்ல நிக்கோணும், சாணி அள்ளோணும்னு பயப்படறாங்க" என்றார் அண்ணன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வேலைக்குப் பயப்படலீங்க தம்பி. வேலையுஞ் செஞ்சு, கடேசீல ஒண்ணும் தனக்கில்லைன்னு ஆயிருமோன்னுதான் பயப்படறாங்க. வர்ற புள்ளைக்கு மொதல்ல பத்து ஆடு அவ பேர்ல எழுதி வெச்சரோணும். பொறவு கண்ணாலம் பேசட்டும்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. எந்தப் பத்து என்று அக்கா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.