ட்ரான்ஸ்ஃபர் ஒழுகுகிறது

வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். இன்ஜின் ஆயில் என்றுதான் முதலில் நினைத்தேன். ராத்திரி அடியில் அட்டையை விரித்துவைத்துக் காலையில் பார்த்தால், சொட்டு விழுந்திருப்பது கியர்பாக்ஸுக்கும் பின்னால். தொட்டு முகர்ந்தேன், கந்தக வாடை. கியர் ஆயில்தான். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க சீல் மறுபடியும் போய்விட்டது.

*

இந்தப் பெட்டி ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் மட்டும் இருப்பது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும். காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சி காந்தி மார்க்கெட் போக இது வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையோரத் தோட்டத்தில், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் பூவன் தார் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வர இது இல்லாமல் முடியாது.

*

மாம்பழச்சாலைப் பக்கத்துப் பட்டறை.

"நாலு மாசத்துக்கு முன்னாடிதானே அண்ணே வேற எடத்துல மாத்துனேன்?"

"சீல மாத்துனீங்க தம்பி. ஏன் ஒழுகுச்சுன்னு பாத்தாங்களா?"

அண்ணன் கை முதலில் போனது சீலுக்கு இல்லை, பெட்டியின் தலையில் இருக்கும் பிரீதருக்கு. கட்டைவிரல் நுனியளவு மூடி. அதன்மேல் வண்டல் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. பெட்டி சூடானால் உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லையென்றால் சீலைத்தான் தள்ளும். சூடான பெட்டி தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தாலோ, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வடித்த ஆயில் மோர் நிறத்தில் வந்தபோது இரண்டும் நடந்திருக்கிறது என்று புரிந்தது.

*

மறக்கக் கூடாதது: வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேல் நட்டு கழலவில்லையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரண்டு ஃபிளாஞ்சிலும் உளியால் ஒரு கோடு போட்டார். அதே வாக்கில் திரும்ப மாட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிரும்.

*

ஃபிளாஞ்சைத் துடைத்து என் கையில் கொடுத்தார். சீலின் உதடு உராயும் இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம். நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. ரப்பர் இரும்பை அறுத்திருக்கிறது! உதட்டில் ஒட்டிய மண்தான் அரம். இந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. பள்ளத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றினோம். பேரிங்கில் ஆட்டம் இல்லை, நல்லவேளை.

*

சீலின் முகத்தில் மூன்று எண்கள்: ஷாஃப்ட்டின் விட்டம், வெளிவிட்டம், கனம். பாலக்கரைக் கடைக்குப் பழைய சீலையே கொண்டுபோனேன். சுருள்கம்பி இருக்கும் உதடு எண்ணெயைப் பார்த்து, தூசி உதடு வெளியே பார்த்து. நடுவில் கிரீஸ். பழைய பேரிங் வளையத்தை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு.

*

ரப்பருக்கு முன் இந்த உதடு தோலில் இருந்தது. இன்று உலகம் முழுக்க சீல் விற்கும் ஃப்ராய்டன்பெர்க், 1849-இல் ஜெர்மனியில் தோல் பதனிடும் தொழிலாகத்தான் தொடங்கியது. செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரிந்தபோது மனசு நிறைந்தது.

*

பழைய மஹிந்திரா ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலேயே இருக்கும். சீல் ஒழுகினால் லைனிங் எண்ணெயில் ஊறிவிடும். மேட்டில் நிறுத்திய ஜீப் நிற்காது. அங்கே இது வெறும் எண்ணெய்ச் செலவு இல்லை, உயிர் விஷயம்.

*

புது 80டபிள்யூ-90 ஆயில், ஊற்றும் துளையில் வழியும் வரை. வடித்ததை டப்பாவில் பிடித்தோம். அது வாய்க்காலுக்குப் போகக் கூடாது. பிரீதரிலிருந்து ஒரு குழாய் இழுத்து இன்ஜின் உயரத்துக்குக் கட்டிவிட்டார்.

படுகைக்கு வண்டி விடுகிறவர்கள் இன்றைக்கே கீழே படுத்து அந்தச் சின்ன மூடியைத் திருகிப் பாருங்கள். திரும்பவில்லையென்றால், சீல் வாங்கப் போகுமுன் அதைக் கழற்றி டீசலில் ஊறவையுங்கள்.