மங்கலான ஊதா

என் மேசை இழுப்பறையில் 11 லேசர் பேனாக்கள் இருக்கின்றன. சிவப்பு 650 நானோமீட்டர், பச்சை 532, நீலம் 450, ஊதா 405 என்று நிறத்துக்கு ஒன்றாக வாங்கத் தொடங்கிய பழக்கம் இது. "இதெல்லாம் சோறு போடுமா?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

கேமரன் மலைக்காரனுக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கொடுப்பினை உண்டு. தெளிந்த காற்றில் சிவப்பு லேசரின் பாதை கண்ணில் படாது. சுவரில் விழும் புள்ளி மட்டும்தான் தெரியும். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் பனிமூட்டம் இறங்கினால், நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறவைக்க, கோடு முழுவதும் தெரியும். ஆனால் குளிர் கூடினால் பச்சைப் பேனா சோம்பிவிடும். அதற்குள் அகச்சிவப்புக் கதிரைப் பச்சையாக மாற்றும் படிகங்கள் இருக்கின்றன. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினால் வெளிச்சம் திரும்பும்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பிரிஞ்சாங் பாசார் மாலாமில் ஓர் ஊதாப் பேனா வாங்கி வந்திருந்தான். அதில் எச்சரிக்கை ஒட்டி எதுவும் இல்லை.

"மாமா, பச்சைதான் பளிச்சுனு இருக்கு. இது மங்கல்தானே, கண்ணுல அடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"உன் கண்ணுக்குத்தான்டா அது மங்கல்" என்றேன்.

நம் கண் பச்சையை நன்றாக உணரும். ஒரே திறன் கொண்ட சிவப்பைவிடப் பச்சை சுமார் எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். ஊதாவைக் கண் மிகக் குறைவாகவே உணரும். ஆனால் விழித்திரையைச் சுடுவது பிரகாசமல்ல, திறன். பளிச்சென்ற ஒளி பட்டால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். மங்கலான ஊதாவுக்கு அந்தக் காவல் கைகொடுக்காமல் போகலாம்.

சொன்னால் நம்புகிற பையன் இல்லை. தேயிலைக் கொழுந்தைக் கசக்கி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். பச்சை நீரில் ஊதாக் கதிர் பட்டதும் உள்ளே ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. இலையின் பச்சையம் ஊதாவை வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. "மங்கல்னு சொன்னியே, இது எங்கிருந்து வந்துச்சு?" என்றேன். பேசாமல் பேனாவை என்னிடம் நீட்டினான்.

மலிவான பச்சைப் பேனாவிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. வடிகட்டி இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு வெளியே கசியும். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2010இல் அப்படி ஒரு பேனாவைச் சோதித்து எச்சரித்தது.

பள்ளி விடுமுறையில் மலைக்கு வரும் பெற்றோர் இதைக் கவனியுங்கள். வகுப்பு 2, 1 மில்லிவாட்டுக்கு மேல் இல்லை என்று எழுதியிராத பேனாவை வாங்க வேண்டாம். எழுதியிருந்தாலும் அது விளையாட்டுப் பொருள் அல்ல. முகம், கண்ணாடி, வாகனம், விமானம் எதன் மேலும் அடிக்கக் கூடாது.